ரிலேக்குள் ஒரு சிராய்

வயரைக் கழற்றிய பிறகும் தட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

ஷெரோமி தன் கையிலிருந்த வயர் முனைகளைப் பார்த்தாள். இரண்டும் எதிலும் தொடாமல் தொங்கின. டெஸ்ட் பெட்டி அணைந்திருந்தது. ரோலர் வரிசைக்கான பிரேக்கர் ஏற்கெனவே விழுந்து கிடந்தது. கரண்ட் வர ஒரு வழியும் இல்லை. ஆனாலும் ரிலேயின் கண்ணாடி மூடிக்குள், சாசர் அளவுகூட இல்லாத அந்த அலுமினியத் தட்டு, தன்னைப் பின்னுக்கு இழுக்கும் மெல்லிய ஸ்பிரிங்கை மீறி முன்னால் ஊர்ந்தது. வாயால் ஊதினால் நின்றுவிடக்கூடிய தட்டு அது. அதை யாரோ விரல்நுனியால், அவசரமே இல்லாமல் தள்ளுவது போல இருந்தது.

அவள் கண்ணாடியை நகத்தால் தட்டினாள். தட்டு நின்றது. பிறகு சட்டென்று பின்னால் ஓடித் தன் இடத்தில் ஒட்டிக்கொண்டது.

பலகை சாய்ந்திருக்கும், காந்தம் பழசாகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஹட்டனில் ஒரு சிறிய கம்பனியில் அவளுக்கு இதே வேலைதான். கரண்ட் போகக்கூடாத வழியில் போனால் ரிலே அதைக் கண்டுபிடித்து, பிரேக்கரை விழ வைத்து, கரண்டை அறுக்க வேண்டும். சரியான அளவில், சரியான நேரத்துக்குள் விழ வைக்கிறதா என்று பார்த்துத் திருத்துவது அவள் பொறுப்பு. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து லிந்துலை வரை எத்தனையோ ரிலேக்களைத் திறந்து பார்த்திருக்கிறாள். வயர் இல்லாமல் சுற்றிய ரிலேயைப் பார்த்ததில்லை.

அக்கரப்பத்தனைக்கு மேலே, ஒத்தப்பாறைத் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலை அது. தோட்டத்து ஆட்களுக்கு அது ஸ்டோரு. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள்ளேயே மூடுபனி இறங்கி, தகர வேலிக்கு அப்பாலிருந்த மலையையும் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களையும் ஒவ்வொன்றாக விழுங்கி, இப்போது ஜன்னல் கண்ணாடியிலேயே வந்து படிந்திருந்தது. மாடியில் வாட்டுவதற்குப் பரப்பிய கொழுந்து அளவுக்கு மேல் வாடிப் புளிக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் புளிப்பும், பழைய இயந்திர எண்ணெயின் நெடியும், விறகுப் புகையும் கலந்த வாசனை படிக்கட்டு வழியாக சுவிட்ச் ரூமுக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தது. அதற்கெல்லாம் அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. மிக மெல்லியது. அடுப்பில் தலைமுடி விழுந்தால் வருமே, அது.

கொழுந்தைப் பிசையும் ரோலர்கள் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பிரேக்கர் விழுந்துவிடுகிறது. தினமும் இதே கதை. மோட்டாரை மாற்றிப் பார்த்தார்கள், கேபிளை மாற்றிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. வேலையில்லாமல் ஆட்களை லயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ரிலே கெட்டுவிட்டது, வந்து சரி செய்யுங்கள் என்று டீமேக்கர் சுதாகரன் ஹட்டனுக்குப் போன் போட்டிருந்தார். கொழுந்து தூளாகும் வரைக்கும் ஸ்டோரில் எல்லாமே அவர் பொறுப்பு.

ஷெரோமி ரோலர்களின் சுவிட்சுகளை அணைத்துவிட்டு பிரேக்கரை மேலே தள்ளினாள். வயரை மறுபடி மாட்டி, டெஸ்ட் பெட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை ஏற்றினாள். தட்டு கிளம்ப வேண்டிய அளவில் கிளம்பியது. ஒரே சீராகச் சுற்றியது. சிவப்புக் கொடி விழுந்தது. படார் என்று பிரேக்கர் விழுந்த சத்தம் வெறுங்கட்டிடம் முழுக்க எதிரொலித்தது. திரும்பச் செய்தாள். அதே அளவு, அதே வேகம். ரிலேயில் ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது தடவை அந்தச் சத்தம் அடங்கியபோதுதான் மற்றதைக் கேட்டாள். சுவிட்ச் ரூமுக்கும் ரோலர் ரூமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஈரத் துணியைத் தரையில் போட்டு இழுப்பது போல ஒரு சத்தம் கேட்டது. இழுத்தது. நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி இழுத்தது.

"ஜீவராஜ் அண்ணே, உள்ள யாராச்சும் தரை கழுவுறாங்களா?"

ஸ்டோரின் எலெக்ட்ரீஷியன் ஜீவராஜ் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவளுடைய அப்பா மரியநாயகத்தோடு லிந்துலையில் வேலை செய்த மனிதர். காலையிலிருந்து அவள் கேட்ட சாமான்களை எல்லாம் வாசற்படியில் வைத்தாரே தவிர, ஒரு தடவைகூட உள்ளே கால் வைக்கவில்லை.

"யாருமில்ல தங்கச்சி. எல்லாரையும் அனுப்பியாச்சே."

"சத்தம் கேக்குதே."

ஜீவராஜ் வாசற்படியை விட்டு ஓர் அடி தள்ளி நின்றார்.

ஷெரோமி டார்ச்சைப் பிடித்து ரிலேக்குள் குனிந்து பார்த்தாள். தட்டின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. கீறலுக்கு நேர் கீழே, காந்தத்தின் இடுக்கில், என்னவோ சிக்கியிருந்தது. மூடியைக் கழற்றி, இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்துவிட்டு, மூடியைத் திரும்ப மாட்டினாள். மரச் சிராய். தேயிலைப் பெட்டிப் பலகையிலிருந்து உடைத்த துண்டு. முனையை ஆப்பு மாதிரி சீவியிருந்தார்கள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டு சுற்றக்கூடாது என்று யாரோ எப்போதோ ஆப்பு வைத்திருக்கிறார்கள்; அது உடைந்து தட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறது. தட்டு சுற்றாவிட்டால் பிரேக்கர் விழாது. என்ன நடந்தாலும் விழாது.

"அண்ணே, இது என்ன?"

ஜீவராஜ் அவள் உள்ளங்கையிலிருந்ததைப் பார்த்தார். கண்களை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அவருடைய கைகளை அவள் கவனித்தாள். இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்து, ஆறி, ரேகையே இல்லாமல் வழுவழுவென்று ரோஜா நிறத்தில் பளபளத்தது.

"அம்மாக்கண்ணுன்னு ஒரு பொம்பள இருந்துச்சு," என்றார். "மலையில கொழுந்து எடுத்த ஆளு. முழங்கால் முடியலன்னு ஸ்டோருக்கு மாத்திக் கேட்டு வந்துச்சு. ரெண்டாவது ரோலருல கொழுந்து அள்ளிப் போடும். போன தீவாளிக்கு முன்னுக்கு கொழுந்து வந்து குவிஞ்சு போச்சு. ரோலரு எங்கயோ லேசா ஷாக் அடிக்குது, பிரேக்கர் விழுது, வேல நிக்குது. நான் மோட்டாரக் கழட்டிப் பாக்கணும்னு சொன்னேங்க. டீமேக்கர் ஐயா கேக்கல. இங்கன வந்து ஆப்ப வச்சிட்டாரு."

"அப்புறம்?"

"தரையெல்லாம் ஈரம். அந்தப் பொம்பள ரோலரு கம்பியில கைய வச்சிச்சு. அவ்வளவுதான், ஒட்டிக்கிருச்சு. கத்தக்கூட முடியல. மேல தொட்டி சுத்திக்கிட்டே இருக்கு, ஒவ்வொரு சுத்துக்கும் வந்து அது தோள்ல மோதுது. எலும்பு ஒடையிற சத்தம் எனக்குக் கேட்டிச்சு. நான் இழுத்தேங்க. ரெண்டு கையாலயும் புடிச்சு இழுத்தேன்." அவர் கைகளை நீட்டினார், அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை என்பது போல.

"பிரேக்கர அமத்த யாருமே இல்லயா?"

"இருந்தாரு." ஜீவராஜின் குரல் இறங்கியது. "ஐயா இங்கதான் நின்னாரு. இந்தக் கண்ணாடி வழியா நான் அவரப் பாத்தேன். பிரேக்கர் அவரு கைக்குப் பக்கத்துல இருக்கு. ஆனா அவரு மொதல்ல ரிலேயத் தொறந்து ஆப்ப எடுக்குறாரு. யாரும் பாக்கறதுக்கு முன்ன அத எடுத்துறணும்னு. ஆப்பு வரல. ஒடைஞ்சு போச்சு. அவரு நோண்டிக்கிட்டே நிக்கிறாரு. அந்தப் பொம்பள எரிஞ்சிக்கிட்டே இருக்கு."

ரோலர் ரூமில் அந்த ஈரச் சத்தம் நின்றுபோயிருந்தது. கேட்டுக்கொண்டு நிற்பது போல ஓர் அமைதி.

"நீங்க யாருகிட்டயும் சொல்லலயா?"

"பொம்பள ஈரக்கையோட சுவிட்ச தொட்டிருச்சு, அதான் செத்துச்சுன்னு எழுதிட்டாங்க. எனக்கும் வீட்டுல மூணு பேரு இருக்காங்க தங்கச்சி."

வாசற்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சுதாகரன் குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தார். கனத்த மனிதர். ஸ்வெட்டருக்கு மேல் மழைத்துளிகள் உருண்டன. காலையிலிருந்து, தோட்ட மேனேஜரான தொரையின் பங்களாவிலிருந்து போன் மேல் போன் வந்திருக்க வேண்டும். முகம் சிவந்திருந்தது.

"என்ன மிஸ், முடிஞ்சுதா?"

"ரிலே நல்லா இருக்கு சேர்," என்றாள் ஷெரோமி. உள்ளங்கையை விரித்து சிராயைக் காட்டினாள். "இது உள்ள இருந்திச்சு."

அவர் அதைப் பார்த்தார். ஜீவராஜைப் பார்த்தார். பார்வை மட்டும் ஓர் அடி பின்வாங்கியது போல இருந்தது. பிறகு முகம் பழையபடி இறுகியது.

"பழைய ஸ்டோரு, குப்பை இல்லாம இருக்குமா? மாடியில கொழுந்து அழுகுது மிஸ். இன்னைக்கு ஓட்டியே ஆகணும். விழாத மாதிரி செட் பண்ணிக் குடுத்திட்டுப் போங்க."

"ரோலர்ல எங்கயோ கரண்ட் ஒழுகுது. அதக் கண்டுபிடிக்காம நான் மாத்த மாட்டேன்."

"அப்ப எங்க ஒழுகுதுன்னு காட்டுங்க. ஜீவா, பிரேக்கரப் போடு."

ஜீவராஜ் அசையவில்லை. சுதாகரனே இரண்டாவது ரோலரின் சுவிட்சைப் போட்டு, பிரேக்கரின் கைபிடியை மேலே தள்ளினார். கண்ணாடிக்கு அப்பால் இரண்டாவது ரோலர் ஓர் உறுமலோடு எழுந்தது. வட்டமான பித்தளை மேசையின் மேல் ஆளுயரத் தொட்டி, கனத்த இடுப்பை ஆட்டுவது போலச் சுற்றிச் சுற்றிப் பிசைந்தது. உள்ளே கொழுந்து இல்லை. வெறும் பித்தளை.

ஷெரோமி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் மாட்டினாள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் எண் எழுந்தது. இயந்திரத்தில் ஒழுகும் கரண்ட் என்றால் ஒரே அளவில் நிற்கும், அல்லது தாறுமாறாகக் குதிக்கும். இது அப்படியில்லை. ஏறியது, இறங்கியது. இறுகியது, தளர்ந்தது. பயிற்சிக் காலத்தில் இந்த அளவை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஈரக்கையோடு ஒரு மனித உடம்பு பிடித்துக்கொண்டால் ஓடுகிற கரண்ட்.

ரோலரைப் பார்த்தாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

படார். பிரேக்கர் விழுந்தது. ரோலர் முனகி நின்றது.

"யாரோ அதத் தொட்டுக்கிட்டு இருக்குற மாதிரி காட்டுது," என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

"பேய்க்கதைய ஹட்டன்ல போய்ச் சொல்லுங்க!" சுதாகரன் அவளைத் தோளால் இடித்துத் தள்ளினார். ரிலேயின் மூடியைப் பிடுங்கிக் கீழே போட்டார். கண்ணாடி சிதறியது. தட்டை இரண்டு விரல்களுக்கு நடுவே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பிரேக்கரை மேலே தள்ளினார். "இப்ப விழட்டும் பாப்பம்."

ரோலர் ஓடியது.

தட்டு விரல்களுக்குள் துடிப்பதை ஷெரோமி பார்த்தாள். பிறகு அது சுற்றத் தொடங்கியது. விரல்கள் இறுக்கிப் பிடித்திருக்கும்போதே சுற்றியது. மெல்லிய அலுமினிய விளிம்பு அவர் விரலுக்குள் இறங்கியது. முதலில் அவருக்குத் தெரியவில்லை. வெள்ளைத் தட்டில் ஒரு சிவப்புக் கோடு வந்தது. கோடு வளையமானது. அவர் கத்தினார். கையை இழுத்தார். வரவில்லை. தட்டு அறுத்தது. ரம்பம் மாதிரி, எலும்பில் உரசும் சத்தத்தோடு, நிதானமாக அறுத்தது.

ஷெரோமி பாய்ந்து பிரேக்கரைக் கீழே இழுத்தாள். படார்.

சுதாகரன் பின்னால் விழுந்தார். வலது கையின் ஆட்காட்டி விரல் பாதியில் நின்றிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோலர் ஓடிக்கொண்டிருந்தது.

பிரேக்கர் விழுந்திருந்தது. அவள் மெயின் சுவிட்சை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினாள். கட்டிடம் முழுக்க விளக்குகள் அணைந்தன. மாடியில் காற்றாடிகள் மெல்ல அடங்கின. மூடுபனியின் சாம்பல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. ஒத்தப்பாறை ஸ்டோரில் ஒரு துளிக் கரண்ட் இல்லை.

ரோலர் ஓடியது.

"அங்க யாரு?" என்றார் சுதாகரன். எழுந்து நின்றார். "யாருடி அது? கைய எடு! மெஷின்ல இருந்து கைய எடுடி!"

"சேர், அங்க யாருமில்ல! போகாதீங்க!"

அவர் ஓடினார். ரத்தம் வழிய ஓடினார். ஈரத் தரையில் வழுக்கி, எழுந்து, ரோலரை அடைந்தார். இல்லாத ஒருத்தியின் தோளைப் பிடித்து இழுத்தார். அடித்தார். எட்டி உதைத்தார். "விடுடி! விடு!" அவர் கைகள் காற்றை அறைந்தன. அப்புறம் அவருடைய வலது கை, அதை யாரோ பிடித்துக் கொண்டுபோய் வைப்பது போல, ரோலரின் கம்பியில் போய் உட்கார்ந்தது.

உடம்பு விறைத்தது. பல்லோடு பல் இடிபடும் சத்தம் கேட்டது. தலைமுடி கருகும் நெடி எழுந்தது. தொட்டி சுற்றி வந்து அவர் தோளில் மோதியது. எலும்பு உடைந்தது. சுற்றிப் போய் மறுபடி வந்தது. மோதியது.

சாகட்டும் என்று ஒரு கணம் ஷெரோமிக்குத் தோன்றியது. ஆனால் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூலையில் கிடந்த பலகையை எடுத்து அவர் கைக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். பலகை முறிந்தது. கை வரவில்லை.

"தங்கச்சி, தள்ளு."

ஜீவராஜ். அடுப்புக்கு விறகு பிளக்கும் கோடரி அவர் கையிலிருந்தது.

"அண்ணே, வேணாம்! அண்ணே!"

"வேற வழியில்ல."

முதல் வெட்டு ஆழமாக இறங்கவில்லை. இரண்டாவது எலும்பில் நின்றது. மூன்றாவதில் மணிக்கட்டு துண்டானது. சுதாகரன் தரையில் விழுந்தார். கை மட்டும் கம்பியைப் பிடித்தபடியே சுற்றுக்குச் சுற்று அதிர்ந்தது. ஷெரோமி தன் சால்வையைக் கழற்றி அவருடைய மொட்டைக் கையை இறுக்கிக் கட்டினாள். அவருக்கு நினைவு இருந்தது. வாய் கோணி அழுதுகொண்டிருந்தார்.

"முடிஞ்சிது சேர். வந்துட்டீங்க. முடிஞ்சிது."

ஜீவராஜ் கோடரியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தார். மூச்சு வாங்கியது.

அப்போது சுதாகரன் எழுந்தார்.

அவராக எழவில்லை. இடது கை முதலில் எழுந்தது. அந்தக் கை அவரைத் தூக்கியது. "வேணாம்," என்றார் அவர். "வேணாம், வேணாம்." கால்கள் தரையைத் தேய்த்தன. கை முன்னால் போனது. அதன் மணிக்கட்டில் தோல் குழிந்திருந்ததை ஷெரோமி பார்த்தாள். நான்கு குழிகள் ஒரு பக்கம். ஒன்று மறுபக்கம். குழிகளைச் சுற்றி ஈரம்.

கை கம்பியை நோக்கிப் போனது.

அவள் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். விரல்களை விரல்களோடு கோர்த்துப் பூட்டினாள். குதிகாலைத் தரையில் ஊன்றினாள். அவளையும் சேர்த்து இழுத்தது. பூட்ஸ் வழுக்கியது. "அண்ணே, வந்து பிடிங்க! அண்ணே!" ஜீவராஜ் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வரவில்லை.

இன்னும் ஒரு சாண் இருந்தது.

கோர்த்திருந்த அவள் விரல்களின் மேல் ஒரு கை வந்து படிந்தது.

குளிர்ந்த கை. நனைந்த கை. வருசக்கணக்காகக் கொழுந்து கிள்ளிக் காய்த்துப் போன கட்டைவிரல் அவள் தோலில் உரசியது. அது அவளை அடிக்கவில்லை. நெரிக்கவில்லை. சின்னப் பிள்ளையின் பிடியை விலக்குவது போல, நோகாமல், அவளுடைய சுண்டுவிரலை நிமிர்த்தியது.

பிறகு மோதிர விரலை.

ரோலர் சுற்றி வந்தது. சுதாகரன் அலறினார்.

பிறகு நடுவிரலை.